ஒற்றைக் கொம்பனைத் தேடி: பிள்ளையார்பட்டி முதல் காரைக்குடி வரை

பிள்ளையார்பட்டிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பிள்ளையாருக்கு ஒற்றைக் கொம்பன் என்று ஒரு பெயர் உண்டு. ஒடிந்ததோ பல். தமிழில் கொம்பு, கோடு, மருப்பு மூன்றும் மாட்டுக்கும் யானைக்கும் பொது.

ஐரோப்பாவும் இதே இடத்தில்தான் சறுக்கியது. ஆர்க்டிக் கடலில் நார்வால் என்றொரு திமிங்கிலம். பெரும்பாலும் ஆணுக்கு, இடது மேற்பல் உதட்டைத் துளைத்து, முறுக்கிக்கொண்டே 3 மீட்டர் வரை வளரும். அந்தப் பல்லை, கதைகளில் வரும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு, விஷத்தை முறிக்கும் என்று சொல்லி அரண்மனைகளுக்கு விற்றார்கள். பல் ஒட்டிய மண்டையோட்டை வைத்து 1638இல் குட்டை உடைத்தவர் டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம். அதற்குப் பிறகும் அந்நாட்டு அரியணையை அதே பல்லால்தான் அலங்கரித்தார்கள்!

கதையின் வேர் நம் பக்கம். கி.மு. 400 வாக்கில் பாரசீக அரசவையில் இருந்த கிரேக்க மருத்துவர் டீசியஸ், இந்தியாவில் ஒற்றைக்கொம்புக் காட்டுக்கழுதை உண்டு என்று எழுதினார். இங்கே வந்து பார்த்தவரில்லை. காண்டாமிருகம்தான் வாய்மாறிக் கழுதையாகியிருக்க வேண்டும்.

சிந்துவெளி முத்திரைகளிலும் ஒற்றைக்கொம்பு விலங்கு நிற்கிறது. அது காளைதான், பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும் என்ற விளக்கமும் உண்டு. பொங்கலை ஒட்டி நடக்கும் சிராவயல் மஞ்சுவிரட்டில், காளை திரும்பும் அந்த ஒரு நொடியில் அது சரிதான். ஆனால் அந்த முத்திரைகளிலேயே அதே பக்கவாட்டில் நிற்கும் திமில் காளைக்கு இரண்டு கொம்பும் செதுக்கியிருக்கிறார்களே! நிஜ ஒற்றைக்கொம்புக் காளையும் உண்டு, மனிதன் செய்தது. கன்று பிறந்த புதிதில் கொம்புக் குருத்து தோலில்தான் இருக்கும், மண்டையோட்டில் ஒட்டியிருக்காது. 1933இல் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்தில் பிராங்க்ளின் டவ், பிறந்து ஒரு நாளே ஆன கன்றின் இரண்டு குருத்துகளையும் நெற்றி நடுவில் சேர்த்து வைத்தார். ஒரே கொம்பாக முளைத்தது.

கடைசியாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். மாட்டுக்கொம்பு உள்ளே கூடு, மான்கொம்பு கெட்டி. தந்தமும் அடிப்பக்கம் குழிவாக இருக்கும், ஆகவே குழியை மட்டும் நம்பாமல் வெட்டுவாயைப் பாருங்கள்: தந்தமானால் மெல்லிய கோடுகள் வலைபோல் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். தந்தம், மான்கொம்பு இரண்டையும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முன் "தானா விழுந்த கொம்புங்க" என்ற பேச்சு எடுபடாது.