எந்தப் பக்கத்தில நிப்பாட்டினனி?

எங்கட பழைய மாணவர் சங்கத்தின்ர மலர்க்குழு ரெண்டு மாசத்துக்கு முதலே கேட்டது, பழைய நினைவு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு. ஹொஸ்ரல் நாட்களைப் பற்றி எழுதலாம் எண்டுதான் இருந்தனான். பிறகு தை மாசம் ஒரு நாள் வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டேக்க எங்கட பச் வட்ஸ்அப் குறூப்பில எங்களுக்குப் படிப்பிச்ச சேரின்ர படம், அதுக்குக் கீழ ‘சேர் காலமாயிட்டார்’ எண்டு ஒரு வரி. அதுக்குப் பிறகு எனக்கு வேற ஒண்டும் எழுத வரேல்ல.

பேர் சொல்லத் தேவையில்ல. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், விமர்சனக் கொப்பி எண்டா எங்கட பச் ஆக்களுக்கு விளங்கும்.

அம்புலிமாமாவை விட்டிட்டு நேரா பெரியாக்களின்ர நாவலுக்குள்ள போன வயசு அது. ‘யங் அடல்ட்’ எண்டு ஒரு தட்டு இங்க ரொறன்ரோ லைப்ரரிகளில நீளத்துக்கு இருக்கு, அங்க யாழ்ப்பாணத்தில நாங்கள் கண்டதில்ல. எங்கட வயசுக்கு எது பொருந்தும் எண்டு சேர்தான் பார்த்துத் தெரிஞ்சு தருவார். விமர்சனம் எண்டு கதைச்சுருக்கம் எழுதிக்கொண்டு போனா சிவப்புப் பேனையால குறுக்க ஒரு வெட்டு. “கதை புத்தகத்திலயே கிடக்கு தம்பி, அதை ஏன் எனக்குத் திருப்பிச் சொல்லுறாய்” எண்டுவார். அவருக்கு வேண்டியது ரெண்டு பக்க நம்பர். ஒண்டு, சாப்பிடவோ படுக்கவோ ஆரும் கூப்பிட்டு நீ நிப்பாட்டின பக்கம். மற்றது ஒருத்தரும் கூப்பிடாமலே நீயா புத்தகத்தை மூடி வைச்ச பக்கம். விமர்சனம் அந்த ரெண்டாவது பக்கத்திலயிருந்துதான் தொடங்கோணும்.

1980ல எனக்கு 14 வயசு. அந்தக் கிழமை எனக்குத் தந்தது செங்கை ஆழியானின்ர ‘வாடைக்காற்று’. வீரகேசரி பிரசுரமா 1973ல வந்த நாவல், 1978ல படமாயும் வந்திட்டுது. வாடைக்காத்துக் காலத்தில வெளியூர் ஆக்கள் நெடுந்தீவுக்கு வந்து வாடி, அதாவது கரையில கொட்டில், போட்டு மீன் பிடிக்கிற கதை. நான் நெடுந்தீவுப் பெடியன். ஹொஸ்ரலில என்னை ‘தீவான்’ எண்டுதான் கூப்பிடுவாங்கள், நான் கதைச்சா இழுத்துத் திருப்பிச் சொல்லிக் காட்டுவாங்கள். சேர் எல்லாருக்கும் முன்னால அந்தப் புத்தகத்தை என்ர கையில தந்தவுடன எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போட்டுது. ஒரு கிழமையா அதைத் தலகாணிக்குக் கீழ வைச்சிருந்தன், திறக்கேல்ல. வியாழக்கிழமை இரவு முன்னுரையில இருந்ததை அங்கயும் இங்கயும் மாத்திக் கொப்பியில எழுதி முடிச்சிட்டன்.

அடுத்த நாள் சேர் என்ர கொப்பியைப் பார்த்திட்டு எழும்பச் சொன்னார்.

“எந்தப் பக்கத்தில நிப்பாட்டினனி?”

நான் வாயே திறக்கேல்ல. அவர் புத்தகத்தை எடுத்து முன்னுரையில ஒரு வரி, என்ர கொப்பியில ஒரு வரி எண்டு மாறி மாறி வாசிச்சார். பின் வாங்கில இருந்து ஆரோ “தீவானுக்குத் தன்ர ஊரும் தெரியாது” எண்டு சொல்ல வகுப்பே சிரிச்சுது. மணி அடிக்கும்வரைக்கும் நிண்டன். அப்பிடி எல்லாருக்கும் முன்னால என்னை நிப்பாட்டி வைச்சது சரியெண்டு நான் இண்டைக்கும் சொல்லமாட்டன், எவ்வளவு மரியாதை இருந்தாலும்.

பெடியள் போனாப்பிறகு கூப்பிட்டார். பேசுவார் எண்டு நினைச்சன். “இதை எழுதினவர் பெரிய எழுத்தாளர். நான் உங்களுக்குப் படிப்பிக்கிறனான். ஆனா வாடை பெயரேக்க நெடுந்தீவில எப்பிடியிருக்கும் எண்டு இந்த வகுப்பில உனக்கு மட்டும்தான் தெரியும். நீ பேசாம இருந்தா இந்தப் புத்தகத்தை ஆர் விசாரிக்கிறது?” எண்டு கேட்டிட்டு புத்தகத்தைத் திருப்பி என்ர கையில வைச்சார்.

அந்தச் சனி ஞாயிறு முழுக்க வாசிச்சன். புத்தகத்தில காத்து வாற இடமெல்லாம் நான் எங்கட வீட்டுக் கூரையை எழுதினன், கல்வேலிக்குப் பின்னால ஒதுங்கி நிக்கிற குதிரையளை எழுதினன், கடல் கொந்தளிச்சா எங்கட தீவுக்கு ஓடுற குமுதினிப் படகு வராது, அம்மா அரிசியைத் திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பா, அதை எழுதினன். நாலு பக்கம் வந்துது. சேர் ஒரு வெட்டும் போடேல்ல.

1981 ஆனி தொடக்கத்தில யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சாங்கள். 97,000 புத்தகம் எண்டு பிறகு கணக்குச் சொன்னவை. சனிக்கிழமையளில சேர் எங்களைக் கூட்டிக்கொண்டு போற இடம் அது. திரும்பப் பள்ளிக்கூடம் தொடங்கின முதல் வெள்ளிக்கிழமை வந்து, அங்க வாசிச்ச ஒரு புத்தகத்தை ஞாபகத்தில வைச்சு விமர்சனம் எழுதுங்கோ எண்டார், பக்க நம்பர் கேக்கேல்ல. அண்டைக்கு வகுப்பில ஒரு சத்தமும் இல்ல, பேனை போற சத்தம் மட்டும்தான். அந்தக் கொப்பியள் எங்க போச்சுதோ, ஆரிட்டயும் ஒண்டாவது இருந்தா தயவுசெய்து சங்கத்துக்கு அறிவியுங்கோ.

நான் 1984ல வெளிக்கிட்டனான். சேரிட்டச் சொல்லப் போகேக்க, “அங்க என்ன வாசிக்கிறாய் எண்டு எழுது” எண்டார். ஓம் சேர் எண்டன். அடுத்த வருசம் மே 15, குமுதினிப் படகில வந்த எங்கட சனத்தை நடுக்கடலில வெட்டிக் கொண்டாங்கள். அதுக்குப் பிறகு ஊரிலயிருந்து கடிதம் வந்தாலே பிரிக்கப் பயம், நான் எழுதிறதும் அப்பிடியே நிண்டிட்டுது.

இங்க ஒன்ராறியோவில ஹைஸ்கூல் பிள்ளையளுக்கு ‘வைற் பைன்’ எண்டு ஒரு வாசிப்புத் திட்டம் இருக்கு. 10 புத்தகம் தெரிஞ்சு குடுப்பினம், அதில 5 ஆவது வாசிச்ச பிள்ளை வோட் போடலாம், பிள்ளையளின்ர வோட்டிலதான் பரிசு. மகள் பத்தாம் வகுப்பில அதில மும்முரமா இருந்தவ. ஷியாம் செல்வதுரை 2005ல எழுதின ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’ யை நான்தான் லைப்ரரியில எடுத்துக் குடுத்தனான். கொழும்பில 1980ல நடக்கிற கதை, அதில வாற அம்ரித்துக்கு 14 வயசு. அதே வருசம், அதே வயசு, நான் யாழ்ப்பாணத்தில வகுப்பில எழும்பி நிண்டனான். அவள் வாசிச்சு முடிச்சிட்டு நாலு ஸ்ரார் எண்டாள். என்ர வாயில தானா வந்துது, “எந்தப் பக்கத்தில நிப்பாட்டினனி பிள்ளை?”

அவள் யோசிச்சிட்டு, “நீங்கள் எங்க நிப்பாட்டினீங்கள் அப்பா?” எண்டு கேட்டாள்.

கனடாவிலயிருந்து வாற மச்சானில தனக்கு வந்தது காதல்தான் எண்டு அம்ரித் விளங்கிக்கொள்ளுற இடத்தில நான் புத்தகத்தை மூடி வைச்சனான். ஹொஸ்ரலில எங்களோட ஒருத்தன் இருந்தவன். என்னைத் ‘தீவான்’ எண்டவங்களோட சேர்ந்து அவனை நானும் நக்கலடிச்சனான். அதை மகளுக்குச் சொன்னன். ஒரு ஆளுக்கும் அதுவரைக்கும் சொன்னதில்ல. அவள் ஒண்டும் சொல்லாம என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

அண்டிரவு சேருக்குக் கடிதம் தொடங்கினன். சுகம் விசாரிச்சு நாலு வரி, அதோட நிண்டுது. அவருக்கு 80 தாண்டியிருக்கும், அடுத்த முறை ஊருக்குப் போகேக்க நேரில சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.

போன மாசம் யாழ்ப்பாணம் போன ஒரு நண்பன் ‘வாடைக்காற்று’ ஒரு பிரதி கொண்டு வந்து தந்தான். இப்ப கட்டில் பக்கத்தில கிடக்கு. ஒருத்தரும் கூப்பிடேல்ல, வீட்டில எல்லாரும் நித்திரை. காத்து வாற இடத்தில நிப்பாட்டியிருக்கிறன், சேர்.