அகச்சிவப்பு வாயு டிடெக்டர்: ஸ்பானைத் திருத்துவதற்கு முன்

எரியக்கூடிய வாயுக்களுக்கான டிடெக்டர்களில், வாயுவை எரித்து அந்த வெப்பத்தைக் கொண்டு அளக்கும் பெல்லிஸ்டர் வகையைப் பல ஆண்டுகள் பராமரித்த பிறகே அகச்சிவப்பு வகை என் பொறுப்புக்கு வந்தது. பெல்லிஸ்டரில் சிலிக்கோன் ஆவியோ கந்தகச் சேர்மமோ பட்டால் உணர்திறன் மெல்லக் குறையும்; ஆகவே சோதனை வாயுவைச் செலுத்தி, அளவு குறைந்திருந்தால் ஸ்பானை, அதாவது சோதனை வாயுவுக்குக் கருவி காட்டும் எண்ணைச் சரிசெய்யும் அமைப்பை, உயர்த்திவிடுவது எங்களுக்குக் கைப்பழக்கமாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தை அகச்சிவப்பு டிடெக்டரிடம் கொண்டுபோகக் கூடாது என்பதைக் கையேட்டைப் படித்தபோதே உணர்ந்தேன். மீத்தேன், புரோப்பேன் போன்றவற்றில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு, 3.3 முதல் 3.4 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிறது. டிடெக்டர் அதையும், அந்த வாயுக்கள் உறிஞ்சாத இன்னோர் அலைநீளத்தையும் அளந்து, இரண்டின் விகிதத்தைக் கொண்டே வாயுவின் அளவைச் சொல்கிறது. விளக்கின் ஒளி மங்கினாலும் கண்ணாடியில் தூசி படிந்தாலும் இரு அலைநீளங்களும் ஏறத்தாழ ஒரேபோல் குறைவதால் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இவ்வளவு நிலையான கருவி தவறான அளவைக் காட்டினால், அதற்கான காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

கண்ட்ரோல் ரூமுக்குத் தெரிவித்து, அலாரம் வந்தால் வால்வுகளை மூடும் இணைப்புகளைத் தற்காலிகமாகத் தடுத்துவைத்த பிறகே சோதனை வாயு சிலிண்டரைத் திறந்தேன். அதற்கு முன் சான்றிதழைப் படித்தேன்: 2.5 சதவீத மீத்தேன், மீதி நைட்ரஜன். பெல்லிஸ்டர் வேலைசெய்ய ஆக்சிஜன் தேவை என்பதால் இந்தச் சிலிண்டர் அதற்கு உதவாது; அகச்சிவப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 2.5 சதவீதத்துக்கு டிடெக்டர் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். டிடெக்டர் காட்டுவது, காற்றில் வாயு தீப்பற்றத் தேவையான குறைந்தபட்சச் செறிவில், அதாவது எல்.ஈ.எல். எனப்படும் கீழ் எரிவரம்பில், எத்தனை சதவீதம் என்பதை. அந்த வரம்பு மீத்தேனுக்கு 5 சதவீதம் என்று கொண்டால் விடை 50, ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 80079-20-1 தரநிலையில் உள்ள 4.4 சதவீதத்தைக் கொண்டால் ஏறத்தாழ 57. எங்கள் டிடெக்டரில் 5 சதவீதமே பதிவாகியிருந்தது. இதைப் பார்க்காமல் ஸ்பானைத் திருத்துகிறவர், சரியாக இருக்கும் கருவியைக் கெடுத்துவிடக்கூடும். அலாரமும் இதனால் மாறும்: 20 சதவீத எல்.ஈ.எல். என்பது ஒரு கணக்கில் 1 சதவீத மீத்தேன், மற்றதில் 0.88.

எந்த வாயுவுக்கான வளைவு தேர்வாகியிருக்கிறது என்பதையும் மெனுவில் சரிபார்த்தேன். உறிஞ்சும் அளவு செறிவுக்கு நேர்விகிதமாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு வாயுவுக்கும் தனி வளைவு உண்டு. ஆகவே மீத்தேனுக்கு அமைத்த டிடெக்டரைப் புரோப்பேனால் சோதித்துவிட்டு, ஏதோ ஒரு காரணியால் பெருக்கிக்கொள்வது இங்கே செல்லாது.

எதையும் தொடுவதற்கு முன் இருந்த அளவுகளைக் குறித்துக்கொண்டேன். தூய நைட்ரஜனில் சுழிக்குப் பதிலாக 3 காட்டியது. சோதனை வாயுவில் 43-ஐத் தாண்டவில்லை. முதலில் வாயுவைக் கவனித்தேன். மழைத்தடுப்பு உறையிலுள்ள முனை வழியாகச் செலுத்திய வாயுவைக் காற்று அடித்துச் சென்றுகொண்டிருந்தது. உறையைக் கழற்றி, அந்த மாடலுக்குரிய கேலிபரேஷன் கப்பைப் பொருத்தி, கையேடு சொன்ன அளவிலேயே ஓட்டத்தை வைத்ததும் எண் உயர்ந்து 50-ஐக் கடந்தது. நீர்த்துப்போன வாயுவை நம்பி ஸ்பானை உயர்த்தியிருந்தால் பிறகு பொய் அலாரங்கள் வந்திருக்கும். கப்பின் வெளியேறும் துளை அடைபட்டால் ஆபத்து அதைவிடப் பெரியது: உள்ளே அழுத்தம் கூடி, மூலக்கூறுகள் நெருங்கி, அளவு அதிகமாகத் தெரியும், அதை நம்பி ஸ்பானைக் குறைத்தால் உண்மையான கசிவின்போது டிடெக்டர் குறைத்துச் சொல்லும்.

சுழியில் நின்ற 3-க்கு விடை கண்ணாடியில் இருந்தது. கையடக்க விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கியது. எண்ணெயும் ஹைட்ரோகார்பன்தான், தூசியைப் போலன்றி அது அளக்கும் அலைநீளத்தையே கூடுதலாக உறிஞ்சி, வாயுவைப் போலவே தெரியும். அதன்மேலேயே, அப்போதைய அளவைச் சுழியாகப் பதியும் ஸீரோ கட்டளையைக் கொடுக்காமல், கையேடு அனுமதித்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் தொட்டுத் துடைத்தேன். துடைத்தவுடன் எண் விர்ரென்று ஏறியது. ஆல்கஹால் ஆவியிலும் அதே பிணைப்பு இருக்கிறது. அது முழுவதும் உலர்ந்து அளவு அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, மீண்டும் நைட்ரஜனைச் செலுத்தியே ஸீரோ கொடுத்தேன். சுற்றுக்காற்றில் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். காற்றில் சிறிதளவு ஹைட்ரோகார்பன் இருந்தாலும் அது சுழியாகப் பதிந்து, அதன்பின் எல்லா அளவும் குறைந்தே தெரியும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மறுபடியும் சோதனை வாயுவைச் செலுத்தியபோது 50-ஐ ஒட்டி நின்றது. அளவைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுசெல்லும் 4–20 மில்லி ஆம்பியர் மின்வெளியீடு, சரியாக நடுவிலுள்ள 12-ஐக் காட்டியது. கண்ட்ரோல் ரூமிலும் அதே அளவு. ஸ்பானைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஹைட்ரஜன் கசியக்கூடிய பகுதியில் மட்டும் பெல்லிஸ்டரை அப்படியே விட்டுவைத்தோம். ஹைட்ரஜன் மூலக்கூறு இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை என்பதால், எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் அகச்சிவப்பு டிடெக்டருக்கு அது தெரியாது.

கப்பை எடுத்தபின் அளவு சுழிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்தே தடுப்பை நீக்கச் சொன்னேன். பதிவேட்டில் தொடுவதற்கு முன் இருந்த 3, 43 ஆகிய எண்களையும், அவற்றுக்கான காரணங்களையும், சிலிண்டரின் காலாவதித் தேதியையும் எழுதினேன். எண்ணெய்ப் படலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்படி இயந்திரப் பிரிவுக்குத் தனியாக ஒரு குறிப்பும் அனுப்பினேன்.