அகமதாபாத்தில் விடிய விடிய

மேற்படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து அகமதாபாத்துக்கு வந்தபோது, இந்நகரத்தின் இரவுகளிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. 1960இல் தனி மாநிலமாக உருவான காலம் முதலே குஜராத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டுப் பெற்று மது வாங்கலாம் என்றாலும் அதற்காக அலைய எனக்கு மனமில்லை. கடையை அடைத்து, கணக்கை முடித்து, நேரத்துக்கு உறங்கிவிடும் வணிகர்களின் ஊர் இது என்று முதல் சில மாதங்களிலேயே தீர்மானித்திருந்தேன். நவராத்திரி வந்து அந்தத் தீர்மானத்தைத் தலைகீழாக்கியது.

எங்கள் ஊரில் நவராத்திரி என்பது அமர்ந்திருந்து கொண்டாடும் விழா. கும்பம் வைத்து, தோத்திரம் பாடி, கையில் தரும் அவலையும் கடலையையும் உண்டு, இரவு எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். அதே ஒன்பது இரவுகளில் இங்கே ஒரு மாநிலமே எழுந்து நின்று ஆடுகிறது. குஜராத்தின் கர்பா நடனத்தை யுனெஸ்கோ 2023இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த செய்தியைப் படித்திருந்தேன். ஆனால் மேடையில் சிலர் ஆட மற்றவர்கள் கதிரையில் அமர்ந்து பார்க்கும் கலை நிகழ்ச்சியைத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை, தாயின் சகோதரியைக் குறிக்கும் ‘மாசி’ என்ற சொல்லாலேயே அழைப்பேன். அவருடைய பிறந்த வீடு பழைய நகரத்தில், ‘போள்’ எனப்படும் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள மரவீடுகள் ஒன்றையொன்று தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தச் சந்துக்குள் ஓட்டோ நுழையாது என்பதால், வெளியே இறங்கி நடந்தோம். பறவைகளுக்குத் தானியம் இடுவதற்காகத் தூண்மேல் கட்டிய சபூத்ரா ஒன்று நின்ற சிறு முற்றத்தின் நடுவில் அம்மனின் படமும், உடலெங்கும் துளையிட்ட மண்பானைக்குள் எரியும் விளக்கும் வைக்கப்பட்டிருந்தன. ஆரத்தி முடிந்ததும், அதுவரை பக்தியோடு கைகூப்பி நின்ற கூட்டம், யாரும் ஏவாமலே அந்த விளக்கைச் சுற்றி வட்டமாகப் பிரிந்தது.

பார்வையாளன் என்ற இனத்துக்கு அங்கே இடமே இல்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்ற என்னை, கண்ணாடிச் சில்லுகள் பதித்த சனியா சோளி என்ற பாவாடையும் இரவிக்கையும் அணிந்த, எட்டு வயதுக்கு மேல் இராத ஒரு சிறுமி கையைப் பிடித்து உள்ளே இழுத்து, “என் காலைப் பாருங்கள் அண்ணா, கையைப் பார்க்காதீர்கள்” என்று இந்தியில் கட்டளையிட்டாள். நல்ல ஆசிரியை. கைதட்டல் கண்ணுக்கு முதலில் படுவதால் புதியவர் அதையே பின்பற்றப் பார்ப்பார். ஆனால் தாளத்தைத் தாங்குவது கால். அடி சரியாக விழுந்துவிட்டால், குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அரைச் சுற்றுத் திரும்பி மறுபடி வட்டத்தோடு நகர்வது என எல்லாம் தானாக வந்து சேர்கிறது. இரண்டு தட்டிலிருந்து மூன்று தட்டுக்கு மாறியபோது என் முழங்கால்கள் முணுமுணுத்தன. எனக்கு முன்னால் ஆடிய, எழுபதைத் தாண்டிய பாட்டிக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. ஒரு சொட்டு மது இல்லாமல் இவ்வளவு களிப்பா என்று வியப்பதுகூட வெளியூர்க்காரனின் வியப்புத்தான். அங்கிருந்தவர்களுக்கு அது தோன்றவேயில்லை.

ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி நள்ளிரவு 12 மணி வரைதான் அனுமதி. மணி ஆனதும் ஒலிவாங்கியை நிறுத்தினார்கள்; ஆட்டம் நிற்கவில்லை. வட்டத்தின் ஒரு பக்கத்துப் பெண்கள் ஓர் அடியைப் பாட, மறுபக்கத்தார் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். மின்னிசையின் இரைச்சல் ஓய்ந்ததால், முற்றத்துக் கற்களில் பாதங்கள் ஒருசேர விழும் ஓசையும் கைதட்டலும் தெளிவாகக் கேட்டன. அந்த இரவின் உச்சம் எதுவென்று கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தையே சொல்வேன்.

பிறகு அனைவருமாக மாணெக் சௌக்குக்கு நடந்தோம். பகலில் தங்கமும் வெள்ளியும் விற்கும் அந்தச் சதுக்கம், கடைகள் அடைத்த பிறகு அவற்றின் வாசலிலேயே உணவுச் சந்தையாக மாறிவிடுகிறது. பாவ் பாஜிக் கல்லில் வெண்ணெய்க் கட்டியைத் தாராளமாக வழுக்கவிட்டுக் கரண்டியால் தட்டும் ஓசை, நம் ஊர்க் கொத்துரொட்டிக் கடையை நினைவூட்டியது. அன்னாசித் துண்டுகளோடு சீஸைத் துருவிக் கொட்டிய சான்ட்விச்சை மாசி வற்புறுத்தி வாங்கித் தந்தார். அதைப் பற்றிய என் கருத்தை அவரிடம் சொல்லாமல் விட்டதே மரியாதை. இரவு இரண்டு மணிக்கு, நகை அணிந்த பெண்கள் தனியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு சாவகாசமாகக் கதைத்து நின்றார்கள்.

மறுநாள் வகுப்புத் தோழர்கள் நகரத்துக்கு வெளியே, கட்டணம் வாங்கும் பெரிய மைதானம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். விளக்கு, மேடை, பாடகர், புகைப்படக்காரர் என எதற்கும் குறைவில்லை. ஆனால் தேர்ந்தவர்கள் தத்தம் குழுவாக வட்டம் கட்டி ஆடிய வேகத்துக்குள் புதியவன் நுழைய வழியே இல்லை. மீதமிருந்த இரவுகளில் நான் போளுக்கே போனேன். அம்மா தொலைபேசியில் அழைத்து, சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை எடுத்து வைத்தாயா என்று கேட்டார். வைத்துவிட்டேன் என்றேன். அவை முதலாம் நாளிலிருந்தே திறக்கப்படாமல் கிடக்கின்றன என்பதை அவரிடம் விளக்கவில்லை.