ஒரு @ குறி மறைத்த வரிகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீதியில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஒரு சின்ன சி மொழி நிரலை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவுவதற்கான பொதியாக்கினேன். முதல் முறையிலேயே பிழையில்லாமல் முடிந்தது. டெபியனில் பழக்கமுள்ள ஒரு அண்ணனுக்கு, பொதி உருவானபோது பதிவான லாக்கை அனுப்பினேன். "தம்பி, இதுல கம்பைலர் வரியே காணோமே. எதை வெச்சு சரின்னு சொல்றது?" என்றார்.

பார்த்தால் 'சிசி மெயின்.ஓ' என்ற மாதிரி ஒற்றை வரிகள்தான். எந்த ஃபிளாகோடு (நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்குத் தரும் விருப்பக் குறி) கம்பைல் ஆனது என்று ஒரு தடயமும் இல்லை. லாக்கைச் சரிபார்க்கும் பிஎல்எச்சி கருவியும் 'நான்வெர்போஸ் பில்ட்' (கட்டளைகள் தெரியாத பில்ட்) என்றே சொன்னது. எதிர்வீட்டுப் பெரியவர் தறிச் சத்தத்தை வைத்தே இழை அறுந்ததைச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தச் சத்தமே கிடைக்கவில்லை.

முதலில் டிஎச்_வெர்போஸ்=1 கொடுத்தேன். பொதியாக்க உதவும் டெப்ஹெல்ப்பர் கருவி ஓட்டும் கட்டளைகள் தெரிந்தன, கம்பைலர் வரி வரவில்லை. அப்புறம் விரிவான லாக் கேட்கும் வி=1. அதற்கும் அசையவில்லை. ஆட்டோடூல்ஸ், சிமேக் போன்ற பில்ட் கருவிகள் என்றால் டெப்ஹெல்ப்பரே விரிவான லாக்கைக் கேட்டு வாங்கிவிடும். இதுவோ கையால் எழுதிய மேக்ஃபைல் ('மேக்' கருவிக்கான கட்டளைக் கோப்பு), வி என்ற மாறியே அதில் கிடையாது. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் ஒரு @. அந்தக் குறி இருந்தால் மேக் கட்டளையைத் திரையில் காட்டாது.

பேட்ச் (திருத்தம்) போடுவதற்கு முன் 'மேக் --ட்ரேஸ்' ஓட்டினேன். மேக் 4.0-இலிருந்து இருக்கும் வசதி இது, @ போட்டிருந்தாலும் முழுக் கட்டளையைக் காட்டும். வந்த வரியில் வேகத்துக்கான -ஓ2 ஃபிளாக் மட்டும்தான். டெபியனின் டிபிகேஜி-பில்ட்ஃபிளாக்ஸ் கருவி தரும் பாதுகாப்பு ஃபிளாக்குகளான ஸ்டாக் பாதுகாப்பு, ஃபோர்டிஃபை எதுவுமே இல்லை. ஃபிளாக்குகளை வைத்திருக்கும் மாறியை மேக்ஃபைலில் 'சிஃபிளாக்ஸ் = -ஓ2' என்று எழுதியிருந்ததால், வெளியிலிருந்து வந்த மதிப்பு அங்கேயே அடிபட்டுப் போயிருக்கிறது. இந்தப் பாதுகாப்புகள் இல்லாத பொதியை நல்ல பொதி என்று நம்பி அனுப்பப் பார்த்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

@ குறிகளை எடுத்தேன். வெளியிலிருந்து வரும் மதிப்போடு சேரும்படி, '=' இருந்த இடத்தில் '+=' போட்டேன். முன்செயலிக்கும் இணைப்பிக்குமான சிபிபிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் இரண்டையும் சேர்த்தேன். மறுபடி ஓட்டியதும் பில்ட் பாதியில் நின்றது. ஃபார்மட்-செக்யூரிட்டி பிழை. பயனர் தரும் சரத்தை நேராக, அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப்-இன் முதல் இடத்தில் கொடுத்திருந்தார்கள். யாராவது அதில் நினைவகத்தில் எழுதும் குறியான %என்-ஐச் சேர்த்தால் நினைவகத்திலேயே கை வைக்கலாம்! வெறும் சரமாக மட்டும் அச்சிடும் '%எஸ்' சேர்த்து அதையும் தனி பேட்சாக்கி, மூல ஆசிரியருக்கு அன்றிரவே அனுப்பினேன். இப்போது ஒரு கோப்புக்கு நான்கு வரி நீளத்துக்குக் கட்டளை ஓடுகிறது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனுக்குப் புதிய லாக்கை அனுப்பினேன்.