வீச்சு வலைக்கு ஈயமணி

ஜூன் 12 மேட்டூர் திறக்கிறார்களோ இல்லையோ, காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையில் நாங்கள் வலையைப் பிரித்துப் போட்டுவிடுவோம். வலை ஓரக் கயிற்றில் வைத்து நசுக்கும் ஈயமணி கடையிலும் கிடைக்கும்தான். ஆனால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாக இருந்தால் வீசும்போது வலை வட்டமாக விரியாது. அதனால் நானே வார்த்துக்கொள்கிறேன்.

பழைய ஈயக் குழாய்தான் நல்ல சரக்கு. டயர் கடையில் சக்கரம் சமனாகச் சுற்ற மாட்டுகிற ஈய எடையில் ஆன்டிமணி என்ற உலோகம் கலந்திருப்பதால் இறுகல் அதிகம். கயிற்றில் வைத்து நசுக்கினால் விண்டுபோகும். அமெரிக்காவில் ரிவால்வருக்குத் தோட்டா வார்க்கிறவர்கள் அந்த எடையைத்தான் தேடி அலைகிறார்கள். குழலுக்குள் ஈயம் அப்பாமலிருக்க அவர்களுக்கு அந்த இறுகல் வேண்டும். பேட்டரித் தகட்டை மட்டும் யார் ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டேன், அது விஷம்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். மெழுகுத் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறினால் கசடு மேலே ஒதுங்கிவிடும், வழித்தெடுக்கலாம். அச்சு சூடேறும்வரை மணியெல்லாம் சுருக்கம் விழுந்துதான் வரும். அவை மறுபடி சட்டிக்கே. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி ஈயத்தை முகத்தில் அடிக்கும். மழை மூட்டமென்றால் அன்றைக்கு வேலையே இல்லை.

"தம்பி, எனக்கும் ஒரு கிலோ ஊத்திக் குடேன்" என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பா வருவார். சரி, ஊற்றலாம். பேரப் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது, காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்கக் கூடாது, சோப்பு போட்டுக் கை கழுவாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கக் கூடாது. மூன்றாவதற்குத்தான் முணுமுணுப்பார்.