முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பழவேற்காடு

மார்கழி வந்துவிட்டால் எங்கள் தொழிலில் கேமராவுக்கு வேலையே இருக்காது. குடியாத்தத்தில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், தை பிறந்தால்தான் அடுத்த முகூர்த்தம். வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகளுக்கோ இதுதான் உச்ச பருவம். கல்யாண ஆல்பம் போட்ட காசில் வாங்கிய, தூரத்துப் பறவையைக் கிட்டே இழுக்கும் 150-600 லென்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய இதைவிடத் தோதான மாதம் எனக்கு வேறு கிடையாது.

வழக்கமாகப் போவது காவேரிப்பாக்கம் ஏரி. பாலாற்றுத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பிவிட்டால் போதும், கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கூழைக்கடா என்று உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கலாம். நேற்று தண்ணீர் நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கும், பறவையும் அங்கேதான் இருக்கும். கடலோரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்குகிறது. அந்த நேரமும் தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். போன வாரம் எவரோ காலை ஏழு மணிக்கு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அதே ஏழு மணிக்குப் போய் நின்றால் வெறும் தண்ணீரைத்தான் பார்க்கலாம். நம்ம ஊர்ப்பக்கத்திலிருந்து லென்ஸோடு கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த முறை அக்கா பையனும் கூட வந்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான், கறுப்பு வேட்டி, வெறுங்கால். கல்யாண வேலையில் ட்ரோன் ஓட்டுவது அவன்தான். அதையும் எடுத்துக்கொள்ளலாமா மாமா என்று கேட்டான். போகிற பழவேற்காடு பறவைகள் சரணாலயம், பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும் சாமி என்று சொல்லிவிட்டேன்.

நடுராத்திரி கிளம்பி, ஓச்சேரியில் திரும்பி, அரக்கோணம், திருவள்ளூர், பொன்னேரி வழியாக, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரி போய்ச் சேர்ந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. நல்ல வாடைக் காற்று. படகுக்காரர் தயாராக இருந்தார். பழவேற்காட்டு ஏரியில் சில மீனவர்களிடையே பாடு என்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அன்று அவருக்குப் பாடு இல்லை, அதனால் எங்களுக்குப் படகு கிடைத்தது.

இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான், பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஏரியில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட வராது என்பது இறங்கிப் பார்த்தால்தான் உறைக்கும். கொஞ்ச தூரத்திலேயே என்ஜினை அணைத்துவிட்டு, கழியை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். பூநாரைக் கூட்டம் எதிரே வெளேரென்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. நான் அங்கே போகலாம் என்றேன். அவர் கழியாலேயே ஒரு வலைக் கம்பைக் காட்டினார்.

"கம்புல ஈரம் பாருண்ணா, நாலு விரல் தெரியுதா? தண்ணி இப்பதான் எறங்க ஆரம்பிச்சிருக்கு. மொதல்ல அந்தத் திட்டுக்குப் போலாம். சேறு தெரிஞ்சதும் பொடிசுங்க எல்லாம் அங்கதான் எறங்கும். பூநாரை எங்கயும் போவாது."

அவர் சொன்னபடியே நடந்தது. சேறு ஒரு பாய் அகலத்துக்கு வெளியே வந்ததும் கொசு உள்ளான்கள் வந்து இறங்கின. கையளவுகூட இல்லாத பறவை, முப்பது கிராமுக்குள்தான் எடை. ஆர்க்டிக் பக்கத்துக் குளிர்ப் புல்வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கிறது. பின்னாலேயே பவளக்காலி, பச்சைக்காலி, கடைசியாகக் குதிரைமலைக்கோட்டான் ஒன்று. பெயரில் கோட்டான் இருந்தாலும் ஆந்தை இல்லை, இதுவும் சேற்றில் மேயும் பறவைதான். ஒரே சேற்றில் இத்தனை பேருக்கும் எப்படிச் சாப்பாடு கிடைக்கிறது என்பதற்கு விடை அலகில் இருக்கிறது. கொசு உள்ளான் மேலாகப் பொறுக்கும், பவளக்காலி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், கோட்டான் அரைச் சாணுக்கு மேல் நீளும் தன் வளைந்த அலகை அடிவரை விட்டு நண்டையும் புழுவையும் இழுக்கும்.

நான் படகிலிருந்து இறங்கிச் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டேன். நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறுதான் விழும். கேமரா தரையோடு இருந்தால் பின்னணி தூரத்துத் தண்ணீராகக் கரைந்துபோகும். ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் துளை எஃப் 6.3, முழங்கைக்குக் கீழே மணல் மூட்டை. கிட்டப் போக வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, விளிம்போடு மேய்ந்துகொண்டு அவையே என் பக்கம் வந்தன. ஒரு கட்டத்தில் லென்ஸால் ஃபோகஸ் பிடிக்க முடியாத கிட்டத்துக்கு வந்துவிட்டது ஒன்று. பவளக்காலி மட்டும் சரியான வம்பு. யாராவது அசைந்தால் போதும், முதலில் கத்திக்கொண்டு கிளம்பி மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிடும். சாமி வெறுங்காலோடு இறங்கி, சிப்பி கிழித்து, 'ஸ்ஸ்' என்ற அந்த ஒரு சத்தத்துக்கே எல்லாம் பறந்து, திரும்பி வர இருபது நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகுதான் பூநாரை. அவற்றைப் படம் எடுப்பது பொறுமைக்குச் சோதனை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை இறைத்து வடிகட்டித் தின்னும் பறவை. பாதி நேரம் தலையே தெரியாது. காலால் சேற்றைக் கலக்கியபடி வட்டம் சுற்றும். தலை நிமிரும் அந்த ஓரிரு நொடிதான் நமக்கு. கூட்டத்தில் சாம்பல் நிறமாக நின்றவை இளசுகள். சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் நிறமி சேர்ந்து இளஞ்சிவப்பு ஏறச் சில வருஷம் ஆகும். வெள்ளைப் பறவை, படத்தில் இறகு வெளிறிப்போகக் கூடாது என்று கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம், முக்கால் ஸ்டாப், குறைத்துக்கொண்டேன். வெள்ளை வேட்டி மாப்பிள்ளைகளை எடுத்துப் பழகிய கைக்கு அது தானாக வரும்.

சாமிக்குப் பறக்கிற படம் வேண்டும். "மாமா, கையத் தட்டினா பறக்கும்ல?"

படகுக்காரர் திரும்பியே பார்க்கவில்லை. "பறக்கும் சாமி. நாளைக்கு வர்றவனும் தட்டுவான். அதுக்கு மேயறதுக்கு நேரமே வாணாமா?"

இன்ஸ்டாகிராமில் சிறகு விரித்த சிவப்புப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாமே அப்படி எடுத்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் கழுத்தை நீட்டி, படகை விட்டு விலகிப் பறக்கிற படத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒன்பது மணிக்கு மேல் கானல் ஏறிவிட்டது. தூரத்துப் பறவையின் விளிம்பெல்லாம் நெளிய ஆரம்பித்தால் எந்த லென்ஸும் உதவாது, மூடி போட்டுவிட வேண்டியதுதான். திரும்பும் வழியில் இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் சிலர் கையாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி. அவர்களைத் தாண்டும்போதுதான் படகுக்காரர், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பற்றிப் பேசினார். மணல் சேர்ந்து வாய் தூர்ந்துபோனால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. "தண்ணி ஏறாது, எறங்காது. அப்புறம் சேறு ஏது, உன் பொடிசுங்க ஏது?" என்றார். காலையில் நான் படுத்துக்கிடந்த திட்டு அந்த வாயை நம்பித்தான் இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறையை எட்டிப் பார்த்தோம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளுக்காகவே பார்க்கலாம். மதியம் எனக்கு இறால் தொக்கு, சாமிக்குத் தயிர் சாதம். வழியெல்லாம் அதைச் சொல்லிக்காட்டினான்.

இரவு படங்களைப் பிரித்தபோது ஒரு மணல் உப்புக்கொத்தி எந்த இனம் என்று சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டேன். முன்பு ஒரே இனமாக இருந்ததைச் சில வருஷங்களுக்கு முன் சைபீரியன், திபெத்தியன் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்கால இறகில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வேலூர் நண்பர் ஒருவர் திபெத்தியன்தான் என்று அடித்துச் சொல்கிறார். நான், பறவை பார்த்ததைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்தில் இரண்டுக்கும் பொதுவான பெயரில் ஏற்றிவிட்டேன். அவர் இன்னும் விடவில்லை.