நடுத்தாள் இருக்கிறதா?

சௌரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு ராணி காமிக்ஸைக் கையில் எடுத்தேன். முகமூடி வீரர் மாயாவி கதை. அட்டையில் வலது மூலை மட்டும் மடங்கியிருந்தது, மற்றபடி நல்ல புத்தகம். விலை கேட்டதும் கடைக்கார அண்ணன் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத தீபாவளிக்கு முந்தியே எடுத்துட்டுப் போயிட்டீங்களே" என்றார். "இல்லண்ணே, அது வேற" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பெட்டிகளைக் கலைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதற்கும் முன்னால் எப்போதோ வாங்கிய இன்னொன்றும் அடிப்பெட்டியில் கிடந்தது. ஒரே இதழ், மூன்று பிரதி.

காசு போனது பெரிதில்லை. என் வீட்டில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதுதான் மனதை உறுத்தியது. அன்று ராத்திரியே பட்டியல் போட உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது, 837 புத்தகம் ஏற்றியிருக்கிறேன், இன்னும் இரண்டு பெட்டி பாக்கி.

முன்பே ஒரு பட்டியல் இருந்தது. காலேஜ் நாட்களில் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்தது. இப்போது திறந்தால் தமிழே தெரியவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தது. யூனிகோடுக்கு மாற்றும் பக்கம் ஒன்றில் போட்டு ஒருவழியாக மீட்டேன். மீட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. "மாயாவி 14" என்று ஒரு வரி. எந்த மாயாவி?

வெளிநாட்டுப் பட்டியல் முறைகளில் இந்தக் கேள்விக்கு எனக்கு வழி கிடைக்கவில்லை, தமிழ் காமிக்ஸ் சேர்க்கிறவர்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியபோது முதல் இதழின் நாயகனே இரும்புக்கை மாயாவி. அவர் பிரிட்டனில் 1962-இல் வேலியன்ட் வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடரில் வந்தவர். ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், மற்ற உடம்பு மறைந்துவிடும். ராணி காமிக்ஸ் மாயாவி முற்றிலும் வேறு ஆள். லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேண்டம் அவர், காட்டுக்குள்ளே மண்டையோட்டுக் குகையில் இருப்பவர். அதே ஃபேண்டம் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் பக்கம் போனால் வேதாளர். ஆக ஒரே பெயரில் இரண்டு ஆள், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். நாயகன் பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் இரும்புக்கைக்காரரும் குகைக்காரரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள், வேதாளர் தனியாகப் போய் எங்கோ நிற்பார்.

அதனால் இரண்டு கட்டம் வைத்தேன். ஒன்றில் புத்தகத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாமல். இன்னொன்றில் மூலத்தில் அந்த ஆள் யார் என்று. கேப்டன் டைகர் என்றால் பக்கத்தில் புளூபெர்ரி, 1963-இல் சார்லியே எழுதி ஜிரோ வரைந்த பிரெஞ்சுத் தொடர். டெக்ஸ் வில்லர் அதே பெயரில்தான் இருக்கிறார், இத்தாலியில் 1948-லிருந்து. இந்த இரண்டாவது கட்டத்தை நிரப்ப ஆரம்பித்த பிறகுதான் வேதாளர் இதழ்களும் ராணியின் மாயாவி இதழ்களும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தன. சின்ன வயதில் இரண்டும் வேறு வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு நாள் படித்திருக்கிறேன்.

அடுத்து மலர்கள். லயனின் தீபாவளி மலர், கோடை மலர் எல்லாம் கனமான புத்தகங்கள், ஒன்றுக்குள் நாலைந்து கதை இருக்கும். ஒரு வரியில் அடங்காது. கதைகளுக்கென்று தனி ஷீட் போட்டு, ஒவ்வொரு கதைக்கும் எதிரே அது இருக்கிற புத்தகத்தின் எண்ணை எழுதினேன். வேலை இரட்டிப்பானது உண்மை. ஆனால் மறுபதிப்புச் சிக்கலும் இதிலேயே தீர்ந்தது. முத்துவில் வந்த கதை காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற மறுபதிப்பு வரிசையில் மறுபடி வந்திருக்கும். கதை ஒன்று, புத்தகம் இரண்டு. சிலர் மறுபதிப்பு வந்ததும் பழசைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து நியூஸ்பிரின்ட் தாள், மை சற்றே விலகி அச்சான அட்டை, உள்ளே அடுத்த இதழுக்கான விளம்பரம், இதெல்லாம் மறுபதிப்பில் வராது. இரண்டும் இரண்டு புத்தகம்தான்.

பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு தலைப்பு அல்ல, ஒரு பிரதி. இதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது ஆறாவது பெட்டியில். அந்த ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ராணி காமிக்ஸ் மாதிரிப் புத்தகங்கள் தாள்களை அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு பின் அடித்தவை. அப்படி அடித்தால் ஒரு தாள் என்பது நான்கு பக்கம். 64 பக்கப் புத்தகத்தில் நட்ட நடுத்தாளில் இருப்பவை 31, 32, 33, 34. நம்ம ஊர் ஈரத்தில் பின் துருப்பிடிக்கும், துரு தாளைத் தின்னும், முதலில் கழன்று விழுவது அந்த நடுத்தாள்தான். அட்டை நன்றாக இருக்கும், முதல் பக்கம் கடைசிப் பக்கம் எல்லாம் இருக்கும், புரட்டிப் பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. என்னிடம் ஒரு ஜேம்ஸ் பாண்ட் இதழ் இருக்கிறது, பத்துப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். 30-ஆம் பக்கத்தில் பாண்ட் ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார், அடுத்த பக்கத்தில் படகில் போய்க்கொண்டிருப்பார். கதையே அப்படித் தாவுகிறது என்று விட்டுவிட்டேன். பட்டியலுக்காகப் பக்கம் எண்ணியபோதுதான் பார்க்கிறேன், 30-க்கு அடுத்தது 35.

சரி, குறை என்று எழுதிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். நாலு புத்தகம் தள்ளி ஒரு மாயாவி இதழ். எண்ணினால் 68 பக்கம் வருகிறது. திரும்ப எண்ணினேன், 68-தான். நடுவில் பிரித்தால் இரண்டு நடுத்தாள். மேலே இருந்தது பின்னில் மாட்டாமல் சும்மா செருகி வைத்தது, மாயாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதில் பாண்ட் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தாளை எடுத்து அந்தப் புத்தகத்தின் நடுவில் வைத்துப் பார்த்தேன். மடிப்பில் இரண்டு துருக்கறை, இரண்டு ஓட்டை, பின் இருக்கிற இடத்தில் அப்படியே போய் உட்கார்ந்தன. என்றோ யாரோ கீழே விழுந்த தாளைப் பொறுக்கிக் கைக்குக் கிடைத்த புத்தகத்தில் செருகியிருக்கிறார்கள், அது நானாகவும் இருக்கலாம். மணி ஒன்றரை. அந்த நாலு பக்கத்தையும் அங்கேயே தரையில் உட்கார்ந்து படித்தேன்.

அன்றிலிருந்து "பக்கம் எண்ணிய தேதி" என்று ஒரு கட்டம். தேதி இல்லாத வரியை முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் ஐந்து பெட்டிகளையும் மறுபடி இறக்கி எண்ணினேன், பதினொரு புத்தகத்தில் நடுத்தாள் இல்லை.

நண்பர்கள் கேட்பார்கள், இதற்கெல்லாம் ஆப் இருக்கிறதே, எதற்கு கையால் தட்டுகிறாய் என்று. இருக்கிறது. பார்கோடைப் படம் பிடித்தால் அட்டை முதல் ஓவியர் வரை தானாகவே வந்து விழும், நல்ல வசதி. அமெரிக்க காமிக்ஸ் பார்கோடுக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கம் தனியாக இருக்கும், முதல் மூன்று இதழ் எண், நாலாவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. என்னிடம் அப்படிப்பட்டவை நாற்பது இருக்கும், ஒரே மாலையில் முடிந்தது. ஆனால் எண்பதுகளின் சிவகாசிப் புத்தகத்தில் படம் பிடிக்கப் பார்கோடு ஏது? அங்கே கையும் கண்ணும்தான். 1994-லிருந்து தன்னார்வலர்கள் கட்டிவரும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸிலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். தொடரின் பெயரை அட்டையில் பார்த்து எழுதக் கூடாது, உள்ளே பொடி எழுத்தில் பதிப்பாளர் விவரம் இருக்குமே, அங்கே என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். அட்டையில் பெரிதாக இருப்பது பல சமயம் கதையின் பெயராகவோ சிறப்பிதழின் பெயராகவோதான் இருக்கும்.

நிலைமைக்குப் பத்துப் புள்ளி மதிப்பீடு அமெரிக்காவில் பிரபலம். நான் அதைப் போடவில்லை, விற்கிற எண்ணம் இல்லாதபோது 6.5-க்கும் 7-க்கும் வித்தியாசம் தேடி என்ன ஆகப்போகிறது. என்ன குறையோ அதை வார்த்தையில் எழுதுகிறேன்: பின்னட்டை இல்லை, முதுகில் செல்லோ டேப், பக்கம் 12-இல் மீசை வரைந்திருக்கிறது. செல்லோ டேப் ஒட்டியவற்றைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வருடம் போகப் போக டேப் மஞ்சளாகி உரிந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு.

பினாங்கில் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஈரமும் ராமபாணப் பூச்சியும்தான் எதிரி. பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கமாக ஒட்டினால் பாதுகாப்பு என்று நினைத்து ஆரம்பத்தில் அப்படிச் செய்தேன். உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூசணம் பிடித்தது, மூன்று இதழ் போயிற்று. இப்போது பாலிபுரொப்பிலீன் உறை, வாயை மடித்து மட்டும் விடுவது, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைக்கிறேன். பெட்டி மூடியில் எண், பட்டியலிலும் அதே எண். எங்கே இருக்கிறது என்று தெரியாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

கடைசியாகச் சேர்த்த கட்டம் முத்திரை. இங்கே வந்த சிவகாசிப் புத்தகங்களின் அட்டையில் ரூபாய் விலை அச்சாகியிருக்கும், அதன்மேல் பேனாவால் மலேசிய வெள்ளியில் விலை எழுதியிருப்பார்கள், சிலதில் கடையின் ரப்பர் முத்திரையும் இருக்கும். முன்பு இதைக் கறையாகத்தான் பார்த்தேன். வரிசையாக எழுத ஆரம்பித்ததும் வேறு மாதிரி தெரிந்தது. ஒரே ஊதா முத்திரை பத்தொன்பது புத்தகங்களில், அவற்றை நான் மூன்று வெவ்வேறு இடங்களில் வாங்கியிருக்கிறேன். யாரோ ஒருவர் ஒரே கடையில் வாங்கிச் சேர்த்தவை, எப்படியோ பிரிந்து போய், என் வீட்டில் மறுபடி ஒன்றாக இருக்கின்றன. அந்தப் பத்தொன்பதையும் இப்போது ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இரவல் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈப்போவில் இருக்கும் மாமா மகனிடம் ஆறு போயிருக்கிறது. தேதியோடு எழுதிய பிறகு கேட்பது சுலபமாக இருக்கிறது, அவனும் கோபித்துக்கொள்வதில்லை. மலேசியக் கார்ட்டூனிஸ்ட் லாட்டின் கம்போங் பாய் 1979 பதிப்பு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் இரவல் தருவதில்லை, இங்கே வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். கிலா-கிலா என்ற மலாய் நகைச்சுவை இதழின் பழைய பிரதிகள் ஒரு பெட்டி, அதுதான் பாக்கி இரண்டில் ஒன்று.

ராணி காமிக்ஸ் 1984-இல் தொடங்கி 2005 வரை 500 இதழ் வந்தது. என்னிடம் 212. இல்லாத எண்களைத் தனியாகப் பிரித்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை மறுபடி சௌரஸ்தா மாடிக்குப் போனேன். அண்ணன் புதிதாக வந்த ஒரு கட்டை அவிழ்த்துப் போட்டிருந்தார். அதில் ஒன்றை எடுத்து எண்ணைப் பார்த்தேன், இல்லாத பட்டியலில் இருந்தது. நடுவில் பிரித்தேன். 30, அடுத்தது 35.

"என்ன தம்பி, இதுவும் இருக்கா?"

"இல்லண்ணே. வேணும். நடுத்தாள்தான் இல்ல."

அவர் வாங்கிப் பார்த்தார், பின் இருந்த இடத்தை விரலால் தடவினார். பாதி விலைக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து "31 முதல் 34 இல்லை" என்று எழுதி ஏற்றிவிட்டேன். கடையிலிருந்து கிளம்பும்போது அண்ணன், "கட்டுக்கு அடியில எங்கயாச்சும் கிடக்கான்னு பாக்குறேன், அடுத்த வாரம் வாங்க" என்றார்.